மழையில் எடுத்த பறவைப் படம் கெட்டுப்போனால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் என் வாட்ஸப்புக்கு வருகிற புகார்களின் தினுசே மாறிவிடும். "லென்ஸ் போயிடுச்சுண்ணே", "ஃபோகஸ் மோட்டார் அவுட்டுன்னு நினைக்கிறேன்", "சென்சாரை மாத்தணுமா?" படத்தை அனுப்பச் சொல்லிப் பார்த்தால், பெரும்பாலும் லென்ஸும் போயிருக்காது, மோட்டாரும் போயிருக்காது. ஷட்டர் வேகம் (கேமரா வெளிச்சத்தை உள்ளே விடும் நேரம்) 1/60 வினாடியில் கிடக்கும். இல்லையென்றால் முன்கண்ணாடியில் ஒரு துளி உட்கார்ந்திருக்கும். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பத் தட்டி அலுத்துப்போய்த்தான் இதை எழுதி வைக்கிறேன்.

வரிசையாகப் படிக்க வேண்டாம். உங்கள் படத்தில் எந்தக் கோளாறு தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். காசு செலவில்லாத காரணம் முதலில் இருக்கும், பர்ஸைக் கடிப்பது கடைசியில் இருக்கும். அந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

எந்தத் தலைப்புக்குப் போவதற்கு முன்பும் இரண்டு காரியம். வாட்ஸப்பில் வந்த படத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். அது படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். சிறகின் நுணுக்கம் அதிலேயே போய்விடும். கேமராவிலிருந்து எடுத்த மூலக் கோப்பைக் கணினியில் திறந்து 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். அடுத்து, அந்தப் படத்தின் ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன்), அப்பர்ச்சர் (வெளிச்சம் நுழையும் லென்ஸ் துளையின் அளவு, எஃப் எண்ணாக இருக்கும்) மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

## பறவை மங்கலாக விழுகிறது

பறவையைப் பார்க்காதீர்கள். அது உட்கார்ந்திருக்கும் கிளையைப் பாருங்கள்.

### கிளையும் சேர்ந்து ஒரே பக்கமாக இழுபட்டிருக்கிறது

கை ஆடியிருக்கிறது. 600 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து எடுக்க, ஸ்டெபிலைசேஷன் (கை ஆட்டத்தை ஈடுகட்டும் வசதி) இல்லாவிட்டால் 1/600-க்குக் குறையாத வேகம் வேண்டும்; சின்ன சென்சார் (படம் பதியும் சில்லு) கேமரா என்றால் 1/900 பக்கம். ஸ்டெபிலைசேஷன் இருந்தால் உட்கார்ந்த பறவைக்கு 1/125 வரை இறங்கிப் பார்க்கலாம். மழைக்கோட்டு கசங்க, குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு எடுக்கும்போது அந்தக் கணக்கும் செல்லாது. குடையை ஒருவர் பிடிக்க இன்னொருவர் எடுப்பதே மேல்.

சோதனை: ஸ்டெபிலைசேஷன் பொத்தான் ஆனில் இருக்கிறதா? பையிலிருந்து எடுக்கும்போது அது நகர்ந்துவிடுவது சகஜம். அப்புறம், ஒரு படத்தோடு நிறுத்தாமல் ஐந்தாறு படம் தொடர்ச்சியாக அடியுங்கள். விரல் அழுத்தும் அதிர்வு முதல் படத்தில் போய்விடும், நடுவில் உள்ளவை தேறும்.

இதற்கும் சரிவரவில்லை என்றால் மானோபாட் (ஒற்றைக்கால் தாங்கி). கார் ஜன்னலில் வைக்கும் பை நல்ல தாங்கல்தான், ஆனால் உள்ளே என்ன நிரப்பியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். கொள்ளு போட்டுத் தைத்த பை மழையில் ஊறி முளைவிட்டதைப் பார்த்திருக்கிறேன். மழைக்காலத்துக்குத் தெர்மகோல் மணிதான் லாயக்கு.

மெக்கானிக்கிடம் போகவேண்டிய இடம் ஒன்று உண்டு. நல்ல வெயிலில் 1/1000-இல் ஒரே பொருளை ஸ்டெபிலைசேஷன் ஆனில் ஒரு முறை, ஆஃபில் ஒரு முறை எடுங்கள். ஆஃபில் கூர்மையாகவும் ஆனில் இழுபட்டும் விழுந்தால், அல்லது வியூஃபைண்டரில் (கண் வைத்துப் பார்க்கும் இடத்தில்) காட்சி தானாகக் குதித்தால், உள்ளே அந்தப் பகுதி பழுது. அது வீட்டில் தீராது.

### கிளை கூர்மை, பறவை மட்டும் மங்கல்

பறவை அசைந்திருக்கிறது. ஸ்டெபிலைசேஷன் உங்கள் கையைத்தான் பிடிக்கும், பறவையின் தலையைப் பிடிக்காது. இதைப் புரிந்துகொள்ளாமல் எத்தனையோ பேர் லென்ஸை மாற்றியிருக்கிறார்கள்.

மழைநாளில் வெளிச்சம் எவ்வளவு குறைகிறது என்பதைக் கண் சரியாகச் சொல்லாது. வேடந்தாங்கல் மாதிரி திறந்த ஏரியில், மழைமேகம் கட்டிய மதியத்தில்கூட எஃப் 6.3, 1/1000, ஐஎஸ்ஓ 1600 என்று ஓட்டலாம். அதே மேகத்தின் கீழ் வால்பாறைச் சோலைக்குள் நுழைந்தால், அதே லென்ஸில் 1/125, ஐஎஸ்ஓ 6400 என்று இறங்கும். ஐந்து படி வித்தியாசம் (ஒரு படி இறங்கினால் வெளிச்சம் பாதி), அதாவது 32-இல் ஒரு பங்கு வெளிச்சம். ஏரியில் வைத்த அமைப்போடு காட்டுக்குள் போகிறவருக்கு ஒரு படமும் தேறாது.

உத்தேசமாக இந்தக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். நனைந்து ஒடுங்கி உட்கார்ந்த பறவைக்கு 1/125 போதும். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் குருவிக்கு 1/400. கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை மாதிரி பெரிய பறவை பறக்கும்போது 1/1000. மீன்கொத்தி பாயும்போது 1/2000-க்கு மேல். மேகமூட்டத்தில் அது கிடைக்காது என்றால், பாய்ச்சலை விட்டுவிட்டு அது கம்பத்தில் திரும்பி வந்து மீனை அடிக்கும் நேரத்தை எடுங்கள். கிடைக்காத வேகத்தோடு மல்லுக்கட்டி நாளை வீணாக்குவதைவிட அது புத்திசாலித்தனம்.

வேகத்தைக் கூட்ட வழி: ஐஎஸ்ஓவை ஏற்றுவது (இலவசம்), லென்ஸுக்குப் பின்னால் மாட்டிக் காட்சியைப் பெரிதாக்கும் டெலிகன்வெர்ட்டரைக் கழற்றுவது (இலவசம், 1.4 மடங்குக் கன்வெர்ட்டர் ஒரு படி வெளிச்சத்தையும், 2 மடங்கு இரண்டு படியையும் தின்கிறது), அதிக வெளிச்சம் விடும் எஃப் 4 லென்ஸ் வாங்குவது (இலவசமில்லை). மூன்றாவதற்குப் போகுமுன் முதல் இரண்டையும் செய்து பாருங்கள்.

### பறவை மங்கல், பக்கத்து இலை கூர்மை

ஃபோகஸ் வேறு எங்கோ போயிருக்கிறது. மழையில் இதற்கு முதல் சந்தேகம் முன்னால் தொங்கும் ஈர இலைதான். நனைந்த இலை பளபளக்கும், நனைந்த பறவை மங்கி இருக்கும். கேமரா பளபளப்பின் பின்னால் ஓடும். அகலமான ஃபோகஸ் பரப்பை விட்டு ஒற்றைப் புள்ளிக்கு மாற்றி, பறவையின் கண்ணிலோ அலகு தொடங்கும் இடத்திலோ வையுங்கள். கண்ணைத் தேடிப் பிடிக்கும் மிரர்லெஸ் கேமராவாக இருந்தாலும், அடர்ந்த புதருக்குள் அதை நம்பாமல் சின்னப் பரப்பில் அடக்கி வையுங்கள்.

உள்ளே ஆடி (மிரர்) வைத்த பழைய வகை டிஎஸ்எல்ஆர் கேமராவில் எல்லாப் படத்திலும் ஃபோகஸ் ஒரே அளவு முன்னாலோ பின்னாலோ விழுகிறதா? அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. நல்ல வெளிச்சத்தில் சுவரில் மாட்டிய நாள்காட்டிக்குப் பத்து மீட்டர் தள்ளிக் கேமராவை ட்ரைபாடில் வைத்து, வியூஃபைண்டர் வழியாகச் சில படமும், திரை வழியாகச் சில படமும் எடுங்கள். திரையில் எடுத்தது கூர்மை, மற்றது மங்கல் என்றால் கேமரா மெனுவில் ஃபோகஸ் நுண்சரிசெய்தல் இருந்தால் அதிலேயே தீர்த்துவிடலாம். இரண்டுமே மங்கல், அதிலும் படத்தின் ஒரு பக்கம் மட்டும் எப்போதும் மங்கல் என்றால், லென்ஸ் எங்கோ அடிபட்டு உள்கண்ணாடி நகர்ந்திருக்கிறது. சர்வீஸுக்குக் கொடுங்கள்.

### எதுவுமே கூர்மையில்லை, இழுபட்ட தடமும் இல்லை

மழை விட்டுச் சட்டென்று வெயில் அடித்ததா? தார்ச்சாலை, கரைக்கல், கார் பானெட் எல்லாவற்றிலிருந்தும் ஆவி எழும்பும். அந்த ஆவியை ஊடுருவி 600 மி.மீ.யில் எடுத்தால் கொக்கின் ஓரம் தண்ணீருக்குள் இருப்பது போல நெளியும். இதற்கு எந்த லென்ஸும் மருந்தில்லை. பறவை பக்கத்தில் வரும்வரை காத்திருங்கள், அல்லது அரைமணி நேரம் டீ குடித்துவிட்டு வாருங்கள்.

வெயில் அடிக்கவில்லை, படம் முழுக்கப் பால் ஊற்றியது போல் இருக்கிறது என்றால் அது வேறு கோளாறு. கீழே பால்வெளுப்பு என்ற தலைப்புக்குப் போங்கள்.

## ஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கிறது, நிற்பதில்லை

இருட்டில் வழவழப்பான கறுப்புப் பறவையைக் காட்டினால் கேமராவுக்குப் பிடிமானம் கிடைக்காது. நீர்க்காகத்தின் உடம்பில் புள்ளியை வைத்துவிட்டு மோட்டாரைத் திட்டுகிறவர்கள் நிறைய. உடம்பை விட்டு, வெளிச்சமும் நிழலும் மோதும் ஓரத்தில் வையுங்கள்: அலகின் விளிம்பு, கண்ணைச் சுற்றிய வளையம், கால் கிளையைப் பற்றும் இடம்.

அடுத்து லென்ஸின் பக்கவாட்டில் இருக்கும் தூர எல்லைப் பொத்தான். பலத்த மழையில் அது முழு எல்லையில் இருந்தால், முகத்துக்கு முன் விழும் துளியிலிருந்து அடிவானம் வரை லென்ஸ் தேடி அலையும். தூரத்துப் பறவை என்றால் 'ஆறு மீட்டருக்கு அப்பால்', 'பத்து மீட்டருக்கு அப்பால்' என்று உங்கள் லென்ஸில் உள்ளதற்கு மாற்றுங்கள். ஆனால் மாற்றியதை மறந்துவிட்டால் நேர் எதிரான புகார் வரும்: ஆறுமணிக் குருவி நாலு மீட்டரில் வந்து சருகைக் கிளறும், ஃபோகஸ் எதையுமே பிடிக்காது. அப்போதும் பழி மோட்டார் மேல்தான் விழும்.

இரண்டும் சரி, இன்னும் ஓடுகிறதா? டெலிகன்வெர்ட்டரைக் கழற்றுங்கள். கழற்றியபின் நிற்கிறது என்றால் வெளிச்சம் பத்தாததுதான் காரணம். முன்கண்ணாடியைத் துடையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் கையால் வளையத்தைத் திருப்பிப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டு, மீதியைக் கேமராவிடம் விடுங்கள். மறுநாள் வெயிலிலும் ஓடிக்கொண்டே இருந்தால், அல்லது திருப்பும்போது கரகரவென்று சத்தம் வந்தால், அப்போது மோட்டாரைச் சந்தேகப்படலாம்.

## படம் முழுக்க மணல் தூவியது போல் புள்ளி

ஐஎஸ்ஓ எண்ணைப் பார்த்து உடனே பயப்படாதீர்கள். ஹிஸ்டோகிராமை (படத்தில் இருட்டு இடதுபக்கமும் வெளிச்சம் வலதுபக்கமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடத்தை) பாருங்கள். குவியல் முழுக்க இடது ஓரத்தில் ஒட்டியிருந்தால், படம் இருட்டாக விழுந்து பிறகு கணினியில் வெளிச்சம் ஏற்றப்பட்டிருக்கிறது. ஐஎஸ்ஓ 1600-இல் இருட்டாக எடுத்து இரண்டு படி ஏற்றினால், நேராக 6400-இல் சரியாக எடுத்ததைவிட மோசமாகவோ, புதிய கேமராக்கள் பலவற்றில் அதே அளவாகவோதான் வரும், நன்றாக வராது. ஐஎஸ்ஓவுக்குப் பயந்து 1600-இல் நிற்பதுதான் புள்ளிக்கு முக்கியக் காரணம் என்பது என் கட்சி.

ஹிஸ்டோகிராம் சரியாக இருந்தும் புள்ளி என்றால், எவ்வளவு வெட்டியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். படத்தின் நடுவில் கட்டைவிரல் அளவு நின்ற குருவியை முழுச் சட்டத்துக்கு இழுத்தால் எந்தக் கேமராவிலும் மணல் தெரியும். நெருங்கிப் போக வழியில்லையா, பறவையைச் சின்னதாகவே விட்டு, சுற்றி இருக்கும் மழையையும் மரத்தையும் படத்தில் வையுங்கள். மழைநாளில் அதுதான் பெரும்பாலும் நல்ல படம்.

ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலப் பதிவாக) எடுத்திருந்தால் இன்றைய புள்ளி நீக்கும் மென்பொருள்கள் நன்றாகவே காப்பாற்றும். அதிகம் இழுத்தால் இறகு பிளாஸ்டிக் ஆகிவிடும். கழுத்துப் பக்கத்து மெல்லிய தூவியைப் பார்த்துக்கொண்டே அளவைக் கூட்டுங்கள். கேமரா சுருக்கித் தரும் வெறும் ஜேபெக்கில் எடுத்துவிட்டு என்னிடம் வராதீர்கள்.

## கொக்கு வெள்ளைத் துணியாகிறது, இருவாச்சி கரிக்கட்டையாகிறது

கேமராவின் தானியங்கி அளவீடு பின்னணியைப் பார்த்து ஏமாறுகிறது, அவ்வளவுதான். இருண்ட புதருக்கு முன் வெள்ளைக் கொக்கு நின்றால் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா கணித்த வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை) -0.7 முதல் -1.3 வரை இறக்குங்கள். வெளுத்த மழைவானத்துக்கு எதிரே இருவாச்சியோ நீர்க்காகமோ நின்றால் +1 முதல் +2 வரை ஏற்றுங்கள். வானம் வெள்ளையாகப் போகட்டும், கவலையில்லை. வெள்ளை நுணுக்கம் இழந்து வெடிக்கும் இடத்தில் மினுக்கிக் காட்டும் எச்சரிக்கையை ஆனில் வைத்தால் மழையில் நின்று யோசிக்கும் வேலை மிச்சம்.

சோலைக்குள் எடுத்ததெல்லாம் பச்சைச் சாயம் அடிக்கிறதா? இலை வழியாக வடிகட்டி வரும் வெளிச்சத்தின் குணம் அது. ரா கோப்பில் வெள்ளைச் சமநிலையை மாற்றிக்கொள்ளலாம். இதற்காகக் களத்தில் நேரம் செலவழிக்காதீர்கள்.

## பால்வெளுப்பு, அல்லது படத்தில் மங்கலான வட்டங்கள்

முன்கண்ணாடியை எதிர்வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஒற்றைத் துளி படத்தில் துளியாகத் தெரியாது. ஒரு பகுதியில் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் குறைத்து வெளுக்க வைக்கும், அல்லது பின்னணி விளக்கை உருண்டையாக்கும். விரலால் துடைத்திருந்தால் இன்னும் மோசம், எண்ணெய்ப் படலம் ஒட்டிக்கொள்ளும்.

லென்ஸ் ஹுட் (லென்ஸின் முன்விளிம்பில் மாட்டும் குழல்) போட்டிருக்கிறீர்களா? மழைக்கு அதைவிடச் சிறந்த கவசம் இல்லை. காத்திருக்கும்போது லென்ஸின் முகம் தரையைப் பார்க்கட்டும். உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி இரண்டை ஜிப் கவரில் போட்டுச் சட்டைப்பையில் வையுங்கள். ஒன்று நனைந்ததும் அடுத்தது. வேட்டி நுனி, துண்டு, கர்ச்சீப் எதுவும் கண்ணாடியைத் தொடக்கூடாது.

பாதுகாப்புக்கு என்று மாட்டிய மலிவு ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். நீண்ட லென்ஸில் மட்டமான ஃபில்டர் தனியாகவே கூர்மையைக் கெடுக்கும். மழைநாளில் அதற்கும் லென்ஸுக்கும் நடுவில் ஈரம் சிக்கினால், வெளியில் எத்தனை தடவை துடைத்தாலும் தெளியாது.

ஃபிளாஷ் போட்டதும் படமெங்கும் வெள்ளைப் பொட்டு விழுந்தால் காரணம் தேட வேண்டியதில்லை, முன்னால் விழும் துளிகள்தான் அவை. ஃபிளாஷை அணையுங்கள். எனக்கு அதில் இன்னொரு கணக்கும் உண்டு. சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில், பக்கத்தில் வேட்டங்குடிக் கண்மாய்ப் பறவைகள் மிரளக்கூடாது என்று ஊரே தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அங்கே போய்க் கூட்டின் முகத்தில் ஃபிளாஷ் அடிப்பவரை ஊர்க்காரர்கள் என்ன நினைப்பார்கள்?

## மழை பெய்தது, ஆனால் படத்தில் மழையே இல்லை

பின்னணி வெளிறிய வானமாக இருந்தால் மழை தெரியாது. ஒரு எட்டு நகர்ந்து, பறவைக்குப் பின்னால் இருண்ட மரமோ கரையோ வருகிற மாதிரி நில்லுங்கள். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்தோ பின்னாலிருந்தோ வந்தால் துளி மின்னும்.

பிறகு வேகம். பெரிய துளி வினாடிக்குச் சுமார் 9 மீட்டர் வேகத்தில் விழுகிறது. 1/125-இல் அது 7 சென்டிமீட்டர் கோடாகும். 28 சென்டிமீட்டர் நீளமுள்ள வெண்மார்பு மீன்கொத்தியில் கால்வாசி. 1/1000-இல் ஒரு சென்டிமீட்டர்கூட வராது, வெறும் பொட்டாக நிற்கும். கோடு வேண்டுமா, 1/60 முதல் 1/125. பறவை அசையாமல் இருக்கவேண்டும் என்பதுதான் நிபந்தனை, மழையில் அது அசையாமல் இருப்பதும் வழக்கம்தான். கோடு படத்தில் கீறல் மாதிரி முகத்தின் குறுக்கே விழுந்திருந்தால், அது வேகத்தின் பிழையில்லை. நிறைய படம் எடுத்துக் கண்ணுக்கு மேல் கோடு விழாததைத் தேர்ந்தெடுக்கவேண்டும்.

இறகை உதறும் படம் வேண்டுமென்பவருக்கு ஒரு குறிப்பு. உதறுவதற்கு ஒரு கணம் முன்னால் பறவை உடம்பைப் பஞ்சுப் பந்து போல உப்ப வைக்கும். உப்பியதும் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். தலை சுழன்ற பிறகு அழுத்தினால் தாமதம். 1/1000-க்கு மேல் வைத்தால் தெறிக்கும் துளிகள் தனித்தனியாக நிற்கும். மழை விட்டதும் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் சிறகை விரித்துக் காயவைக்கும். அவை நெடுநேரம் அப்படியே நிற்பதால், குறைந்த வெளிச்சத்தில் பழகிப் பார்க்க அதைவிட நல்ல வாய்ப்பு இல்லை.

## நெருங்கினால் பறவை போய்விடுகிறது

இதற்கு லென்ஸ் பதில் இல்லை. நனைந்த பறவையை எழுப்பினால் அது கனத்த இறகோடு பறந்து, சேமித்து வைத்த சூட்டைச் செலவழிக்கிறது. கூட்டில் தாய் நாரை சிறகை விரித்துக் குஞ்சுகளுக்குக் கூரையாக நிற்கும்போது எழுப்பிவிட்டால், நனைந்து நடுங்குவது குஞ்சுகள். ஒரு பறவை கழுத்தை நீட்டி உங்களையே பார்க்கத் தொடங்கினால், இருக்கும் இடத்திலேயே நில்லுங்கள். அதற்கு மேல் ஓர் அடியும் வேண்டாம். காரையே மறைவாக வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

## லென்ஸ் பனித்துவிட்டது

எங்கிருந்து வந்தீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. ஏசி அறையிலிருந்தோ ஏசி காரிலிருந்தோ இறங்கிய சில நிமிடங்களில் பனித்தால், கேமரா குளிர்ந்திருக்கிறது, வெளிக்காற்று ஈரமாகவும் வெதுவெதுப்பாகவும் இருக்கிறது. ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பது போலத்தான். துடைத்தால் மறுபடி பனிக்கும். துடைக்காமல் இருபது, முப்பது நிமிடம் வெளியில் விடுங்கள். அந்த நேரத்தில் லென்ஸைக் கழற்றவே கூடாது. கழற்றினால் பனி சென்சார் மேலேயும் படியும்.

மறுநாளுக்கு வழி: அறையை விட்டுக் கிளம்பும்போதே கேமராவை ஜிப் கவரில் போட்டு இறுக மூடுங்கள், வெளியில் வந்து சூடு சமமான பின் திறவுங்கள். பனி கவரின் மேல் படியும், கேமராமேல் படியாது. காரில் ஏசியைப் போடவேண்டும் என்றால் கேமராவை டிக்கியில் வையுங்கள், அல்லது இடம் வருவதற்கு அரைமணி முன்னால் ஏசியை அணையுங்கள். கூட வருபவர்கள் முணுமுணுப்பார்கள், கண்டுகொள்ளாதீர்கள்.

ஏசியே இல்லை, மழையில் நின்ற பிறகு உள்கண்ணாடியில் பனி தெரிகிறது என்றால் விஷயம் வேறு. நீண்டு சுருங்கும் ஜூம் லென்ஸ் சுருங்கும்போது, குழாயில் ஒட்டிய தண்ணீரையும் ஈரக்காற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால்தான் மழையில் நனைந்த குழாயைத் துடைக்காமல் சுருக்கக்கூடாது. வீட்டுக்கு வந்ததும் இரண்டு பக்க மூடியையும் கழற்றி, காற்றுப் புகாத டப்பாவில் நிறைய சிலிக்கா ஜெல்லோடு (ஈரத்தை உறிஞ்சும் மணிகள்) ஒன்றிரண்டு நாள் வையுங்கள். பனி முழுக்கப் போய்த் தடமே இல்லை என்றால் பிழைத்தது. காய்ந்த பின் உள்ளே திட்டோ வளையமோ தெரிந்தால் சர்வீஸ். தள்ளிப்போட்டால் அந்தத் திட்டு மேலேதான் பூஞ்சை குடியேறும்.

## கேமரா தானாக ஏதேதோ செய்கிறது

ஃபோகஸ் புள்ளி தானாகக் குதிக்கிறதா? தொடுதிரை மேல் துளி விழுகிறது. தொடுதலை மெனுவில் அணையுங்கள். மிரர்லெஸ்ஸில் பின்திரை திடீரென்று இருண்டு வியூஃபைண்டருக்கே மாறி நிற்கிறதா? கண் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள சிறிய உணரியில் துளி ஒட்டியிருக்கிறது, துடைத்தால் போய்விடும். இந்த இரண்டுக்காகச் சர்வீஸ் சென்டர் வரை போய் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

லென்ஸ் தொடர்பு பிழை என்று வந்தால் கேமராவை அணைத்துவிட்டு, கூரைக்குக் கீழே போய், முகம் கீழே பார்க்க லென்ஸைக் கழற்றி, இரண்டு பக்கத்துப் உலோகத் தொடர்புப் புள்ளிகளையும் உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். மெமரி கார்டுக்கும் அதேதான். சார்ஜர் துளையின் ரப்பர் மூடி சரியாக அழுந்தியிருக்கிறதா, ஃபிளாஷ் மாட்டும் இடத்துக்கு மூடி இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் நுழைகிற வாசல்கள் இவை. 'வெதர் சீல்' என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பித் திறந்து வைத்தால், தண்ணீர் புகுந்ததற்கு வாரன்டி கைகொடுக்காது.

உலர்ந்து ஒரு நாள் ஆன பிறகும் பொத்தான்கள் இரண்டு முறை அழுந்துவது, டயல் தாவுவது தொடர்ந்தால், உள்ளே ஈரம் இறங்கியிருக்கிறது. அதற்கு மேல் ஆன் செய்து சோதிக்காமல் அடுத்த தலைப்பைப் பாருங்கள்.

## தண்ணீர் உள்ளே போய் கேமரா அணைந்துவிட்டது

ஆன் ஆகிறதா என்று பார்க்கத் தோன்றும். பார்க்காதீர்கள். ஈரத்தில் மின்சாரம் ஓடுவதுதான் உள்ளே இருக்கும் மின்சுற்றுப் போர்டைக் கொல்லும்.

பேட்டரியை உருவுங்கள், கார்டை எடுங்கள், லென்ஸைக் கழற்றுங்கள், எல்லா மூடியையும் திறந்து வைத்து வெளிப்புறத்தை ஒற்றி எடுங்கள். உதறாதீர்கள், வெளியில் நிற்கும் தண்ணீர் உள்ளே போகும். ஹேர் ட்ரையர் வேண்டாம், அதன் சூடு ஒட்டுப்பசையையும் ரப்பரையும் கெடுக்கும். அரிசி டப்பாவும் வேண்டாம்; மாவுத்தூள் துளைகளில் புகுவதுதான் மிச்சம். மூடிய டப்பா, நிறைய சிலிக்கா ஜெல், குறைந்தது இரண்டு நாள்.

நல்ல மழைத்தண்ணீருக்குத்தான் இந்தக் கணக்கு. பழவேற்காட்டிலோ கோடியக்கரையிலோ உப்புத்தண்ணீர் பட்டிருந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். உப்பு காயக் காயப் போர்டை அரிக்கும். பேட்டரியை உருவிய கையோடு சர்வீஸுக்கு எடுத்துப் போங்கள், "உப்புத்தண்ணீர்" என்று மறைக்காமல் சொல்லுங்கள். சிலர் வாரன்டிக்குப் பயந்து மறைப்பார்கள். மெக்கானிக் திறந்ததுமே தெரிந்துவிடும், வேலைதான் தாமதமாகும்.

பழுதுபார்க்கும் முன் தொகையை எழுத்தில் கேளுங்கள். அது அதே மாடலின் செகண்ட்ஹேண்ட் விலையில் பாதியைத் தாண்டினால், நான் பழுதுபார்க்க மாட்டேன். நனைந்த போர்டு சரியானாலும் அடுத்த மழையில் எதைச் செய்யும் என்று சொல்ல முடியாது.

## சில வாரம் கழித்து, லென்ஸுக்குள் சிலந்தி வலை

இரண்டு மூடியையும் கழற்றி, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, மொபைல் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். தனித்தனிப் பொட்டு என்றால் தூசி, விட்டுவிடலாம். நூல் நூலாகக் கிளை பிரிந்து பரவியிருந்தால் பூஞ்சை.

கேமராவைக் காயவைத்தவர்களுக்கும் ஏன் பூஞ்சை வருகிறது என்றால், பையைக் காயவைக்கவில்லை. உள்ளே பஞ்சு வைத்த பை மேலே காய்ந்தது போலத் தெரியும், கையை உள்ளே விட்டு அழுத்தினால் சில்லென்று இருக்கும். அதற்குள் லென்ஸைப் போட்டு ஜிப்பை மூடி அலமாரியில் வைத்தால், பூஞ்சைக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. மழைப் பயணம் முடிந்ததும் பையைக் காலிசெய்து மின்விசிறிக்குக் கீழே திறந்து போடுங்கள். தோல் உறைகளையும் நம்பாதீர்கள்.

வைக்கும் இடத்தில் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருந்தால் போதும். டிரை கேபினட் (ஈரத்தைக் கட்டுப்படுத்தும் மின் அலமாரி) வாங்க முடிந்தால் நல்லது. இல்லாவிட்டால், ரப்பர் விளிம்பு வைத்த பெரிய டப்பா, சிலிக்கா ஜெல், சில நூறு ரூபாய்க்கு ஒரு சின்ன ஈரப்பதமானி. நீல நிற ஜெல் ரோஸ் ஆனதும் சட்டியில் மெல்லிய தீயில் வறுத்தால் திரும்பவும் நீலமாகும். அந்த நீலத்துக்குக் கோபால்ட் சேர்ப்பதால் சமையல் சட்டியைத் தொடாதீர்கள், பழைய சட்டி ஒன்றை அதற்கென்று ஒதுக்குங்கள். ஆரஞ்சு நிற ஜெல் கிடைத்தால் அதையே வாங்குங்கள். அலமாரியில் குண்டு பல்பு எரியவிடும் பழைய வழக்கமும் வேலை செய்யும், ஆனால் அந்தப் பல்பு இப்போது எளிதில் கிடைப்பதில்லை.

பூஞ்சை முன்கண்ணாடியின் வெளிமுகத்தில் மட்டும் என்றால் லென்ஸ் துடைக்கும் திரவத்தால் நீங்களே எடுக்கலாம். உள்ளே என்றால் திருகைத் தொடாதீர்கள். பிரித்துச் சேர்க்கும்போது கண்ணாடிகள் ஒரே அச்சில் உட்காரவேண்டும், அதற்குக் கருவி வேண்டும். சீக்கிரம் கொடுத்தால் துடைத்தே தீரும். நாள்பட்டால் கண்ணாடியின் மேல்பூச்சை அரித்துவிடும், துடைத்த பிறகும் நூல் தடம் அப்படியே நிற்கும். கொடுக்கும்போது மெக்கானிக்கிடம் கேட்கவேண்டியது ஒன்றுதான்: பூச்சு அரித்திருக்கிறதா, இல்லையா? அரித்திருந்தால், அதே காசுக்கு வேறு லென்ஸ் தேடலாம். முடிவு எதுவானாலும், அதுவரை அந்த லென்ஸை மற்ற லென்ஸ்களோடு ஒரே டப்பாவில் வைக்காதீர்கள்.